நனைஞ்சாலும் மறைக்கும் துணி

…அதைத்தான் நானும் சொல்லுதேன், கதீஜா மதினி மாதிரி வராது. நீங்கள்லாம் அவுகளைத் தெரிஞ்சவங்கதானே, நீங்களே சொல்லுங்க. நேத்துக் காலையில பால்காரி வந்து, "ஆச்சி, சேலை கொண்டுவருவாவளே கதீஜாம்மா, மவுத்தாயிட்டாவளாம், உசுரு போயிட்டாம்"னா. விளக்கேத்தப் போனவ தீப்பெட்டியோட அப்படியே உக்காந்துட்டேன்.

கதீஜா மதினியை மேலகரத்துல யாருக்குத் தெரியாது? அவுக வீட்டுக்கார அண்ணாச்சி தறியில நெய்வாவ, மதினி மூட்டையைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா வருவாவ. சேலையை வெயில்ல விரிச்சுப் பின்னால கையை வச்சுக் காட்டுவாவ. "வெரல் தெரிஞ்சா அது வலை. நெழல் மட்டும் தெரிஞ்சா துணி. ஒண்ணுமே தெரியலைன்னா சாக்கு. ஒனக்கு எதுட்டி வேணும்?" அவுக சிரிக்க மாட்டாவ, நாமதான் சிரிப்போம்.

நாடு சுதந்திரமாகி அஞ்சாறு வருசம் இருக்கும், எங்க வீட்டுக்காரவ தவறிட்டாவ. வெள்ளைச் சேலை கட்டினேன். அடுத்த சாரல் காலத்துல, அருவி கொட்டும்போது, தெருப் பொம்பளைங்களோட குத்தாலம் போனேன். எல்லாரும் அருவியில நிக்காவ, நான் துணிமணிக்குக் காவலா கரையில இருக்கேன். அருவியில தலையை நனைச்சுட்டுக் குத்தாலநாதரைக் கும்பிட்டாத்தான் எனக்குக் கும்பிட்ட மாதிரி. ஆனா வெள்ளை நனைஞ்சா ஒடம்போட ஒட்டிக்கிட்டு… எப்படிச் சொல்ல. "சளி புடிச்சிருக்கு"ன்னு சொல்லியே ரெண்டு சாரல் போச்சு. இந்த ஜென்மத்துல இனி அருவி இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன்.

ஒருநாள் மதினிகிட்டச் சொல்லி அழுதேன். அவுக என் முந்தானையைச் செம்புத் தண்ணியில முக்கித் தன் கையில போட்டாவ. உள்ளங்கை மருதாணி அப்படியே தெரியுது!

"பாத்தியா? காஞ்ச துணியில வெளிச்சம் நூல்ல முட்டி முட்டிச் செதறுது. நூல் சந்துல தண்ணி நெறைஞ்சா முட்டாம கடந்து போயிருது. அதுக்கு நீ ஏன் வெக்கப்படுத?"

மொதல்ல கெட்டி நூல்ல ஒண்ணு நெய்து வாங்கித் தந்தாவ. கெணத்தடியில நனைச்சுப் பாத்தேன், எந்திரிக்க முடியலை, அம்புட்டுக் கனம். "மதினி, இதைக் கட்டிட்டு அருவிக்குப் போனா என்னைத் தூக்க நாலு பேரு வேணும்"னேன்.

"வாயைக் கழுவு மூதி"ன்னு திட்டிட்டு அந்தச் சேலையை மடிச்சு மூட்டையில வச்சாவ. "ஏட்டி கோமு, நீ காவி கட்டலாம்லா? காவிமண்ணு நல்லா ஏறின துணி நனைஞ்சாலும் வெளிச்சத்தை லேசுல விடாது. ஓங்க சாமி நெறத்தை நானா சொல்லித்தரணும்?"

எனக்கு ஏன் தோணலை சொல்லுங்க! அன்னைக்கே காவி கட்டுதேன்னு குத்தாலநாதருக்கு நேர்ந்துகிட்டேன். கொழுந்தன், "இது என்ன புதுப் பழக்கம்?"னு மொறைச்சான். "சாமி கேட்டது, நீ போயி அவருகிட்டயே கேளு"ன்னுட்டேன். அந்தச் சாரல்ல அருவிக்குள்ள நின்னேன் பாருங்க, நான் அழுதது எனக்கே கேக்கலை, தண்ணி அம்புட்டுச் சத்தம்.

போன மாசம் எதுத்த வீட்டுப் பிள்ளை, பாவம், வெள்ளை கட்டிச்சு. அதுக்கும் ஒரு சேலை காவி முக்கி வச்சிருக்கேன், வார சாரலுக்கு நாந்தான் கூட்டிட்டுப் போறேன். அழுதவளைப் பாத்து அழாதேன்னு சொல்லாம, என்ன செய்யலாம்னு பாக்குத மனசு இருக்கே, அதுதான் மதினி எனக்கு விட்டுட்டுப் போனது.

அட, இப்பத்தான் ஞாபகம் வருது. நான் மொதல்ல காவியோட அருவியில நின்ன அன்னைக்கு, ஆம்பளைங்க நிக்குத பக்கமா, எனக்கு மறைப்பா, கறுப்புச் சேலையோட மதினியும் அருவியில நின்னாவ. அவுகளுக்கு அருவின்னாலே பயம். அதுக்கு முன்னால எறங்கினதே இல்லை.