செம்பவாங் சாலைக்கு ஒரு விளக்கு

ஒரே படத்தின் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு கொட்டகைகளில் காட்சி நடத்திய காலம் அது. சிராங்கூன் ரோட்டுக் கொட்டகையில் முன்பாதி ஓடி முடிந்ததும், அந்த ரீல்களைப் பெட்டியில் அடுக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவன் புறப்படுவான். பன்னிரண்டு மைல் தள்ளி, செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வெளியே இருந்த தகரக் கொட்டகையில் அதை இறக்குவான். அங்கே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து, பின்பாதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடுவான். இடைவேளை முடிவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்படி ஒருவன் இருப்பதே சனங்களுக்குத் தெரியாது. சேராவிட்டால் வெள்ளைத் திரையைப் பார்த்து விசில் பறக்கும். தகரச் சுவரில் குத்து விழும்.

அந்த ஒருவன் மாசிலாமணி. மங்களத்தின் தம்பி.

தாய் தகப்பன் இருவரும் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்திலேயே போய்விட்டார்கள். நான்காம் வகுப்போடு முன்பே நின்றுவிட்டிருந்த மங்களம், பஃபலோ ரோட்டு மாடி அறையில் ரவிக்கை தைத்துத் தம்பியை ஆளாக்கினாள். அவளைவிட அவன் ஏழு வயது இளையவன். பதினாறு வயதில் கொட்டகையில் சுவரொட்டி ஒட்டப் போனான்; பிறகு டிக்கெட் கிழித்தான்; இருபத்திரண்டில் பல கை மாறி வந்த ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி ரீல் ஓட்டக்காரன் ஆனான். இரண்டு கொட்டகைகளையும் பார்த்துக்கொண்ட மேனேஜர் அப்துல் முத்தலிப், "மாசி வந்தா மணி அடிக்கலாம்" என்று சொல்லுமளவுக்குப் பேர் வாங்கினான். அந்தப் பேர்தான் 1957-ஆம் வருடத் தீபாவளிக்கு முன்னால் ஆட்டம் கண்டது.

பகலில் இருபத்தைந்து நிமிடத்தில் போகிற தூரம் இருட்டில் சில நாள் முக்கால் மணி பிடித்தது. நீ சூன் கிராமம் தாண்டினால் ரப்பர் தோட்டம், வளைவு, குறுக்கே ஓடும் நாய்கள். வண்டியின் முகப்பு விளக்கோ, நல்லெண்ணெய் விளக்கைப் போல மஞ்சளாகப் பத்தடிக்குமேல் எட்டாது. பின்பாதி எடுத்துப் போக அவனுக்குக் கிடைத்தது முப்பத்தைந்து நிமிடம். ஒரே மாதத்தில் மூன்று முறை திரை வெள்ளையாக நின்றது.

முத்தலிப் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்.

"இந்தா பாரும்மா மங்களம், தம்பி நல்ல பையன்தான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா தீபாவளிக்குப் புதுப்படம். அன்னிக்கும் திரை வெள்ளையா நின்னா முதலாளி என்னையத்தான் உரிப்பாரு. அதுக்கப்புறம் கார் வச்சிருக்கிற ஆளாப் பார்த்துக்க வேண்டியதுதான்."

"வேகமாப் போனா விழுந்துருவான் அண்ணே."

"விழச் சொல்லலை லா. நேரத்துக்கு வரச் சொல்றேன்."

எல்லாரும் செய்வதையே மாசிலாமணியும் முதலில் செய்தான். சுங்கை ரோட்டுச் சந்தையில் பெரிய பல்பாக ஒன்றை வாங்கிப் போட்டான். இரண்டு நாள் தெருவே வாய் பிளந்தது. மூன்றாம் நாள் பேட்டரி செத்துப்போய், அப்பர் தாம்சன் ரோட்டில் அரை மைல் வண்டியைத் தள்ளினான். டைனமோ தருவதைவிடப் பல்பு அதிகமாகத் தின்றுவிட்டது.

அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் பேட்டரியை மாடிக்குத் தூக்கி வந்தான். பழைய பல்பை எடுத்து, இரண்டு தடித்த கம்பிகளால் நேராகப் பேட்டரியில் தொட்டான். அறை முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது.

"அக்கா, பாத்தியா? இதே பல்புதான். வண்டியில அழுது வடியுது, இங்க சிரிக்குது."

"அப்ப நடுவுல யாரு திருடுறா?"

"கம்பிதான் திருடுது."

மங்களத்துக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் தம்பி சொன்னது உடனே புரிந்தது. மறுநாள் அவன் விளக்குக்குப் போன மெல்லிய கம்பிகளை உருவி எறிந்துவிட்டுத் தடித்த கம்பி இழுத்தான். துருவேறிக் கிடந்த இணைப்புகளை இரும்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்தான். விளக்கின் உள்ளே கறுத்துப்போயிருந்த பிரதிபலிப்புக் கிண்ணத்துக்குப் பதிலாக, கண்ணாடிபோல மின்னும் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினான். பழைய பல்பே போதுமானதாயிற்று.

இனி விளக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் பாக்கி. சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தினால், ஒளியின் நடு, விளக்கின் உயரத்தைவிட இரண்டு அங்குலம் கீழே விழ வேண்டும் என்று ரோச்சோர் வண்டிப் பட்டறைக்காரர் கணக்குச் சொல்லியிருந்தார். அளவு என்று வந்ததும் மங்களம் சும்மா இருப்பாளா? அவளுடைய தையல் நாடா ஐந்தடி. ஐந்து முறை போட்டாள். பின்சந்துச் சுவரில் தையல் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தாள். தம்பியை வண்டியில் உட்காரவைத்து, நூலளவு பிசகாமல் விளக்கைத் திருப்பி, மரையை முறுக்கச் சொன்னாள்.

அன்று இரவு அவன் முகம் கறுத்துத் திரும்பி வந்தான்.

"என்னடா?"

"வெளிச்சம் பிரமாதம்க்கா. ரோட்டுக்கு மட்டும் கிடைக்கலை. ரப்பர் மரத்துல இலை எண்ணிக்கிட்டே போனேன். எதிர்ல வந்த லாரிக்காரன் எல்லாம் கண்ணு கூசி நம்ம அம்மாவை விசாரிச்சிட்டுப் போனான்."

"நான் ரெண்டு தடவை அளந்தேனேடா!"

"அளவு சரிதான். எங்கயோ தப்பு."

மங்களத்துக்குத் தூக்கம் வரவில்லை. தன் நாடா தவறியதாக ஒருவர் சொன்னதில்லை. நிமிர்ந்து நின்று அளவு கொடுத்துவிட்டு, குனிந்து கோலம் போடும்போது ரவிக்கை பிடிக்கிறது என்று சண்டைக்கு வரும் பெண்கள் அவளுக்குப் புதிதல்ல. அதை நினைத்ததும் எழுந்து உட்கார்ந்தாள். ரீல் பெட்டி! வெறும் வண்டியில் அல்லவா அளந்தாள்? பெட்டி ஏறினால் பின் ஸ்பிரிங் அமுங்கும். மூக்கு மேலே தூக்கும்.

காலையில் தம்பியை அனுப்பி, கொட்டகைப் பெட்டியைப் பின்பாதி ரீல்களோடு தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நாற்பத்திரண்டு கட்டி; இப்போதைய கணக்கில் இருபத்தைந்து கிலோ. மளிகைக் கடையில் அதே எடைக்கு அரிசி நிறுத்து இரவல் வாங்கினாள். பொழுது சாயும் வேளையில் மூட்டையை வண்டியின் பின்னால் கட்டி, தம்பியை ஏற்றி உட்காரவைத்தபோது சந்தே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆமினா பீவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னடி மங்களம், அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டப் போறானா உன் தம்பி?"

"சும்மா இருங்கக்கா. அவன் மூச்சு விட்டாக்கூட அளவு மாறும்."

"அப்ப மூச்சு விடாத மாசி! அக்கா அளந்து முடிக்கட்டும்!"

சந்து சிரித்தது. விளக்கைப் போட்டதும் ஒளி அவள் கோட்டுக்கு எட்டு அங்குலம் மேலே போய் நின்றது. அந்த எட்டு அங்குலம்தான் சாலைக்குப் போய் மரமாகியிருந்தது. மங்களம் கோட்டை அழிக்கவில்லை. விளக்கை இறக்கச் சொன்னாள். மயிரிழை மயிரிழையாக இறங்கி ஒளி கோட்டில் உட்கார்ந்தது. திரும்பி வருகிற வெற்று ஓட்டத்தில் வெளிச்சம் கொஞ்சம் குட்டையாக விழும். அதற்கு அத்தனை அவசரமில்லை என்றான் தம்பி.

தீபாவளியன்று மங்களம் ஆமினா பீவியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிச் செம்பவாங் போனாள். தகரக் கொட்டகையில் ஊசி குத்த இடமில்லை. முன்பாதியில் யார் யாரைக் கட்டிக்கொண்டார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இடைவேளை விட்டதும் வெளியே ஓடி வந்தாள். வாசலில் முத்தலிப், கைக்கடிகாரத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"பன்னெண்டு நிமிஷம் இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

ஆமினா பீவி இரண்டு கிளாஸ் தேநீர் வாங்கி வந்தாள். கொதிக்கிறது. மங்களம் அதைக் கையில் பிடித்தபடி சாலையையே பார்த்தாள். வளைவில் ரப்பர் மரங்களின் அடிப்பகுதிகள் மட்டும் வரிசையாக வெளுத்தன. அதற்குப் பின்னால் சாலை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கோலம் போடலாம் போலத் தெரிந்தது. எதிரே போன கடற்படை லாரி ஒன்று ஹார்ன் அடிக்காமல் கடந்தது. வண்டி வாசலில் வந்து நின்றது. மாசிலாமணி பெட்டியை அவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு படம் ஓட்டும் அறைக்குப் படியேறினான். அக்காவைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது.

முத்தலிப் கடிகாரத்தை இரண்டாம் முறை பார்த்தார். "ஒன்பது நிமிஷம் முன்னாடி. எதுக்குக் காத்துக் கிடக்கணும்? அடி லா மணியை!"

மணி அடித்தது. சனங்கள் முண்டியடித்து உள்ளே பாய்ந்தார்கள். பாதி கிளாஸோடு அலைமோதிய கூட்டத்தைப் பார்த்துத் தேநீர்க் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்தப் பாவி இவ்வளவு சீக்கிரம் ரீலைக் கொண்டாந்தான்? இன்னும் பாதிப் பேருக்கு ஊத்தவே இல்லையே!"

"என் தம்பிதாங்க" என்றாள் மங்களம். சொல்லிவிட்டு, நாக்கு பொத்துப்போகத் தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் கிளாஸை அவரிடம் நீட்டினாள்.