அப்ப மாவின் கம்பளி

குளிர்காலத்தில் நன்றாகத் தூங்க எந்தப் போர்வை ஏற்றது என்ற கேள்விக்கு நான் ஒன்பதாவது வயதிலேயே விடை கண்டுபிடித்துவிட்டேன். பின்னாளில் தாதிப் பயிற்சியில், கம்பளி இழைகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் உடம்பின் சூட்டைக் காக்கிறது என்று பாடம் நடந்தபோது, மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் காரணம்தான் புதிது. முடிவு என் பழைய கொப்பியில் ஏற்கனவே இருந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

அப்போது நாங்கள் அம்பிட்டியவில், ஒரு சரிவின் மேல் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா கண்டி நகரில் ஒரு புரொக்டர் வக்கீலிடம் கிளாக்கர். அம்மாவின் தம்பியான என் மாமா ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டு எங்களோடு தங்கியிருந்தார். அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கு முதலில் வந்த சம்பந்தம், பையன் வீட்டார் நாவலப்பிட்டிப் பக்கம் போய் எங்களைப் பற்றி ஏதோ விசாரித்து வந்த பிறகு, ‘யோசித்து எழுதுகிறோம்’ என்ற ஒரே வரிக் கடிதத்தோடு நின்றுபோயிருந்தது. அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அக்கா மாதா கோவிலில் கடைசி வாங்கில்தான் உட்காருவாள்.

இரண்டாவது சம்பந்தம் கொழும்பிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தாயாரும் பெரியப்பாவும் டிசம்பரில் நத்தார்ப் பெருநாள் கழிந்த மறுவாரம் பெண் பார்க்க வந்து, ஓர் இரவு தங்கிப் போவதாக எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் படம் அக்காவின் செபப் புத்தகத்துக்குள் இருந்தது எனக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் பனி வாசலோடு நிற்காது. ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். வருகிறவர்களோ கொழும்பு வெக்கையில் இருப்பவர்கள். அம்மாவுக்குச் சமையலைவிடத் தூக்கம்தான் பெரிய கவலையாக இருந்தது. ராத்திரி தூங்காதவர்களுக்குக் காலையில் பெண்ணும் பிடிக்காது, பிட்டும் பிடிக்காது என்றாள். படுக்கைகளை உதறி, வெயில் காட்டி, ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது.

நான் முதலில் ஒரு பட்டியல் போட்டேன். வீட்டில் போர்வைகள் நான்கு. ஒன்று, இந்த விருந்துக்காகவே மாமா தன் கடையிலிருந்து வாங்கிவந்த புதுச் சிவப்பு. ஓரத்தில் பட்டு நாடா வைத்துத் தைத்தது, சீமைச் சாமான் என்று அவர் நாளுக்கு நான்கு தடவை சொல்லுவார். இரண்டு, பெரிய சண்டை முடிந்த பிறகு பட்டாளத்து ஏலத்தில் அப்பா எடுத்த பழுப்பு நிறம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகள் பதினொன்று. மூன்று, அம்மாவின் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தைப் போர்வை. நான்கு, ஒரு கறுப்புக் கம்பளி.

நான்காவதை யாரும் போர்வையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது மரப்பெட்டியின் அடியில் கிடக்கும். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் வெளியே வரும். கள்ளு விட்டுக் கரைத்த அப்ப மாவு எங்கள் வீட்டுக் குளிரில் பொங்காது. அம்மா மாவுச் சட்டியை அந்தக் கம்பளியால் இரண்டு சுற்றுச் சுற்றி அடுப்பு மூலையில் வைப்பாள். காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வேறு துணி சுற்றிய ஒருநாள் மாவு அப்படியே படுத்துக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தைச் சோதிக்காமல் விடக்கூடாது என்பது அந்த வயதிலேயே என் குணம்.

ஒரே அளவான நான்கு மருந்துப் போத்தல்களைக் கழுவினேன். ஒரே கேத்தலிலிருந்து சுடுதண்ணீரை நான்கிலும் கழுத்துவரை ஊற்றினேன். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு போர்வையால் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்று வரும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன். எங்கள் வீட்டில் மணிக்கூடு நம்பத்தக்கதல்ல. அம்மா சொல்லும் செபமாலையை நம்பலாம். அது எடுக்கும் நேரம் ஒருநாளும் கூடாது, குறையாது. அன்றைக்குச் செபமாலையும் மாதா பிரார்த்தனையும் முடியும்வரை போத்தல்கள் அங்கேயே இருந்தன. நான் முழங்காலில் இருந்தபடி மாதாவை ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்புச் சொல்ல மாமாவைப் பிடித்தேன். அவருடைய கண்ணைத் துவாயால் கட்டினேன். அவர் சும்மா இருக்கவில்லை.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் போத்தல்ல சுடுதண்ணியாம். டாக்டரம்மா, கசாயமும் உண்டா?"

பேசாமல் தொட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, இது கிணற்றுத் தண்ணி, இதை ஏன் போர்த்தி வைத்தாய் என்று கேட்டார். அதுதான் அவருடைய சீமைச் சிவப்பு. இன்னொன்றைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அது கறுப்பு. கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தபின், நான் போத்தல்களை மாற்றி வைத்துவிட்டதாக அவர் சாதித்தார். மறுநாளும் சோதித்தேன். முடிவு மாறவில்லை. கொப்பியில் எழுதிக் கோடு போட்டேன்: கறுப்பு, மெத்தைப் போர்வை, பழுப்பு, சிவப்பு.

முடிவைச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன். அப்பா தலையைத் தூக்கவில்லை. அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது மாவுக்குப் போத்துறது. அவங்க கண்ணுல அதக் காட்டாத."

ஏன் என்று கேட்டேன். சொன்னதைச் செய் என்பதுதான் பதில். சிவப்பு தாயாருக்கு, பழுப்பு பெரியப்பாவுக்கு என்று தீர்மானமாயிற்று. நான் காரணங்களை நானே யோசித்து எழுதினேன். கறுப்பில் கள்ளு வாசம் அடிக்கும், முரடாகக் குத்தும். இவற்றைத் தவிர வேறு குற்றம் அதில் இல்லை. இரண்டுக்கும் வழி இருந்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டு, மடிப்புக்கு மடிப்பு கராம்பு வைத்தேன். குத்தாமலிருக்க உள்பக்கம் ஒரு வெள்ளை விரிப்பைத் தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அம்மா சொன்னதை மீறுவதாக எனக்குத் தோன்றவேயில்லை. குறைகளைத் தீர்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவர்கள் பின்னேர ரயிலில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மெலிந்தவர், சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு விறைப்பாகக் கதிரையில் உட்கார்ந்தார். நாலைந்து தடவை இருமினார். அம்மா எங்கள் முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஜவுளி வியாபாரத்துக்காக நேரே கண்டிக்கு வந்தவர்கள் என்று சொன்னாள். அந்த வியாபாரத்தைப் பற்றி நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். தாயார் தன் தகப்பனார் கொழும்புத் துறைமுகத்தில் கணக்கராக இருந்தவர் என்றார். அம்மா ஒரு படி ஏற, அவரும் ஒரு படி ஏறினார். அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அவளைப் பார்த்தபோது மட்டும் அந்த அம்மாளின் முகம் இளகியது. பிறகு மறுபடி இறுகிவிட்டது.

சாப்பிட்டு எழுந்ததும் அவர், காலையில் முதல் ரயிலுக்கே போய்விடுவோம் என்றார். "ஊருக்குப் போயி யோசிச்சு எழுதுறோம்" என்றார்.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். அந்த வார்த்தைகள் அவள் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். குளிரும் இருமலும்தான் காரணம் என்று எனக்குப் பட்டது. இந்த அம்மாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகும். அக்காவின் கல்யாணம் என் கையில் இருந்தது.

விருந்தினர் அறையில் சிவப்பைக் கட்டிலின் கால்மாட்டில், பட்டு நாடா தெரிய மடித்து வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துத் திருப்தியோடு போனாள். தாயார் உள்ளே வந்ததும் நான் கட்டிலின் மேல்விரிப்பை விலக்கி, அடியில் இருந்த கறுப்பைக் காட்டினேன்.

"செவப்பு பாக்குறதுக்கு அத்தை. தூங்குறதுக்கு இது."

அவர் குனிந்து கம்பளியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். நான் மாமா கடையில் வாடிக்கைக்காரர்கள் துணியைத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. யாருடையது என்று கேட்டார். எங்கள் வீட்டுடையதுதான், அப்ப மாவுக்குப் போர்த்துகிறது என்று உண்மையைச் சொன்னேன். போத்தல் சோதனையையும் சுருக்கமாக விளக்கினேன். அவர் விளக்கைக் கொஞ்சம் தணித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் சிவப்பை எடுத்துக்கொண்டுவந்து போர்த்திக்கொண்டேன். அதைப் பற்றி என் கொப்பியில் எழுதியது சரிதான் என்று விடியும்வரை உணர்ந்தேன். ஆனால் அந்த அறையிலிருந்து இருமல் சத்தம் வரவில்லை.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. அம்மா கோப்பியோடு விருந்தினர் அறைக்குப் போனாள்; நான் பின்னாலேயே போனேன். கட்டில் காலி. வெள்ளை விரிப்பு மட்டும் நான் தைத்த நூல் பிரிக்கப்பட்டு, நாலாக மடித்துக் கிடந்தது. பின்வாசல் திறந்திருந்தது.

அந்த அம்மாள் கிணற்றடியிலிருந்து வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் கறுப்புக் கம்பளி. சும்மா போர்த்தியிருக்கவில்லை. ஒரு முனையை உள்ளே தள்ளி மடித்து, கூம்பு போலத் தலையில் கவிழ்த்து, மிச்சத்தை முதுகு மறைய விழவிட்டிருந்தார். கம்பளியைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும் தேவைப்படவில்லை. கண்ணாடி பார்த்துச் செய்தாலும் எனக்கு அப்படி மடிக்க வராது. தேயிலைத் தோட்டங்களில் மழையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் போட்டுக்கொள்ளும் கொங்காணி அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மாவைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார். கை தலைக்குப் போயிற்று. எடுப்பதா வேண்டாமா என்று பாதியில் நின்றது. அம்மா கோப்பிக் கோப்பையை என்னிடம் தந்துவிட்டுத் தூறலில் இறங்கிப் போனாள். எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அம்மா அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால் போய், கம்பளியின் மடிப்பைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தாள்.

"முனைய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்கக்கா. இல்லாட்டி தண்ணி முதுகுல எறங்கும்."

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம் நீங்க?"

"நாவலப்பிட்டிக்கு மேல. பத்து வயசுல கூடை தூக்குனேன். நீங்க?"

"அட்டன் பக்கம். எனக்கு ஒம்பது." பிறகு, "நேத்து நீங்க சொன்ன ஜவுளிக்கடையக் கேட்டதும், இந்த வீட்டுக்கும் நமக்கும் சரிப்படாதுன்னு நெனச்சேன்" என்றார்.

"நீங்க சொன்ன தொறமுகத்தக் கேட்டு நானும் அப்படித்தான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முன் அறையில் அப்பாவும் பெரியப்பாவும் திருநெல்வேலியையும் துறைமுகத்தையும் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. அவர்களிடம் போய் யாரும் எதையும் சொல்லவில்லை.

முதல் ரயில் அவர்கள் இல்லாமலே போயிற்று. இரண்டு அம்மாமாரும் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பத்து மணிக்குள் கல்யாணத்துக்கு மாதம் குறித்தாயிற்று.

கம்பளியைக் கொடுத்தது யார் என்று அந்த அம்மாள் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். நான் முன்னால் வந்து, கொப்பியைத் திறந்து, நான்கு போத்தல்களின் வரிசையை வாசித்தேன். மாமாகூட மறுக்கவில்லை. அந்த அம்மாள் என் தலையில் கை வைத்து, இந்த வீட்டில் புத்தியுள்ளவள் நீதான் என்றார். அம்மாவும் அதை ஆமோதித்தாள். கல்யாணத்தன்று பந்தலில் எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் சொன்னேன்: இந்தக் கல்யாணம் நடக்கக் காரணம் என்னுடைய சோதனை. சரியான போர்வை, நல்ல தூக்கம், நல்ல முடிவு. யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அக்காவைக் கொழும்புக்கு அனுப்பும்போது, எங்கள் வீட்டிலிருந்து தனக்கென்று அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு சாமான்தான். அம்மா கறுப்புக் கம்பளியை மடித்து, அக்காவின் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்தவுடன் கண்ணில் படும்படி வைத்தாள். அடுத்த மார்கழியில் எங்கள் வீட்டில் அப்ப மாவு ஒருநாளும் சரியாகப் பொங்கவில்லை. அம்மா அதற்காக வருத்தப்படவும் இல்லை. நான் கொப்பியை எடுத்து யோசித்துப் பார்த்தேன். கொழும்பில் குளிர் கிடையாது. வேர்வையில் நனைகிற ஊரில் அந்த அம்மாளுக்கு அவ்வளவு சூடான கம்பளி எதற்கு என்று எழுத, எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.