கரண்ட் போன நேரத்தில் கழற்றிய கத்தி

ஜீவனஹள்ளியில் என் வீட்டிலேயே பழைய மரவேலை மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். நேரம் வீணாகாமல் இருக்க, கரண்ட் போகும்போதுதான் அவற்றின் கத்திகளைச் சாணை பிடிக்கக் கழற்றுவேன்.

அன்று ஓடிக்கொண்டிருந்த இழைப்பு மெஷின் கரண்ட் போய் நின்றது. சுவிட்சை அணைக்க மறந்து, கத்தியின் திருகில் ஸ்பேனரை மாட்டினேன்.

"எத்தினி தபா கூப்புடறது? சோறு ஆறிப்போவுது. அந்த மெஷினையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்" என்றாள் என் மனைவி மேரி.

ஸ்பேனரை அப்படியே விட்டு எழுந்து இரண்டடி வைத்தேன். கரண்ட் வந்தது. மெஷின் சுற்றியது. ஸ்பேனர் பறந்து போய்ச் சுவர்ப் பூச்சைப் பெயர்த்தது.

மேரி சோறு போட்டாள். சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் கத்தியைத் தொடும் முன் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மேரியிடம் கொடுத்துவிடுகிறேன். வேலை முடிந்து கேட்டால், "முதல்ல ரெண்டு கையையும் காட்டு" என்கிறாள். பார்த்த பிறகே தருகிறாள்.