மூக்கம்மாள் மாற்றிய ஆயில்

எங்கள் வீட்டுக் கார் நாலு வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து ஓடியதைப் பற்றிக் கம்பத்தில் யாரைக் கேட்டாலும் "ஒச்சாண்டி கைராசி" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாலு வருஷமும் ஒச்சாண்டி பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். காரைக் காப்பாற்றியவள் அவன் பெண்டாட்டி மூக்கம்மாள். அதைக் கொல்லப் பார்த்தவன் நான். இதை நானே சொன்னால்தான் உண்டு. அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

மூக்கம்மாள் எழுத்து வாசனை இல்லாதவள். கல்யாணத்துக்கு முன்னால் ஜெயமங்கலத்தில் ஒரு செக்கடியில் எள் புடைத்து, எண்ணெய் அளந்து ஊற்றிக் கூலி வாங்கியவள். ஒச்சாண்டியைக் கட்டிக்கொண்டு கம்பம் வந்த நாளிலிருந்து எங்கள் கார் ஷெட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவள் வீடு. என் அண்ணன் சுருளிவேல் ஏலக்காய் வியாபாரி. ஒச்சாண்டி அவருக்கு டிரைவர். நான் சரக்கு அடுக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் இல்லாத நேரத்தில் முதலாளி மாதிரி நடந்துகொண்டு காலம் தள்ளியவன்.

1942 தை மாதம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து, அந்தக் கூப்பனுக்கும் பெட்ரோல் கிடைக்காத காலம். சண்டை முடிகிறவரை வண்டியை நிறுத்திவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்தார். வேலையில்லாத டிரைவருக்குப் பட்டாளத்தில் சம்பளம் கொடுத்தார்கள். ஒச்சாண்டி பெயர் கொடுத்துவிட்டான்.

போகிற அவசரத்திலும் செய்ய வேண்டியதைச் செய்தான். கட்டைகளை முட்டுக் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். ரேடியேட்டர் தண்ணீரை வடித்தான். எலி புகாமல் புகைக்குழாயில் துணி அடைத்தான். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன்.

"அமாவாசைக்கு அமாவாசை இந்த நாலு பிளக்கையும் கழட்டு. அந்தச் சின்ன டப்பாவுல இருந்து ஓட்டைக்கு ஒரு கரண்டி ஆயில் ஊத்து. ஹேண்டிலப் போட்டுப் பத்துச் சுத்து சுத்திட்டு மறுபடி பிளக்க மாட்டிரு. குச்சிய உருவி ஆயில் எம்புட்டு இருக்குன்னு பாத்துக்க. ஸ்டார்ட் மட்டும் பண்ணக் கூடாது."

"அம்புட்டுதானா?"

"இன்னொண்ணு. ஆயில் வடிக்கிற அடி போல்ட்டத் தொட்டுறாத. மரை தேஞ்சு கெடக்கு. அது போச்சுன்னா வேற கெடைக்காது. பரண்ல ஒரு டின்னு புது ஆயிலு சீல் ஒடைக்காம இருக்கு. அது நான் வந்து மாத்துறதுக்கு. அதையும் தொடாத. மூணு மாசத்துல வந்துருவேன்."

மூணு மாசம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதனால்தான் எஞ்சினுக்குள் கிடந்த பழைய ஆயிலை அவன் மாற்றாமலே போனான்.

போன ரெண்டாம் மாதமே வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் என் மதினி சந்தனம்மாள். "லச்சுமி மாதிரி வந்த வண்டி தம்பி. சத்தமில்லாமக் கெடந்தா வீட்டுக்கு ஆகாது. வெள்ளிக்கெழமை சாம்பிராணி போடுறப்ப ரெண்டு நிமிசம் ஓடட்டுமே" என்றார்.

எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? அது மேக்னட்டோ வைத்த பழைய மாடல். பேட்டரி வேண்டாம், ஹேண்டிலைச் சுற்றினாலே பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புகைக்குழாய்த் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எங்காவது தேடிப் பிடித்த அரை பாட்டில் பெட்ரோலை ஊற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுவேன். வண்டி உறுமும். மதினி சூடம் காட்டுவார். தெருவே வேடிக்கை பார்க்கும். ரெண்டு நிமிஷத்தில் அணைத்துவிட்டு, பத்து மைல் ஓட்டியவன் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவேன்.

மூக்கம்மாள் ஒரே ஒரு தடவை தடுத்தாள். "ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காக, சின்ன மொதலாளி."

"காரு என்ன, நீ கொண்டுவந்த சீதனமா?" என்றேன். அவள் தன் அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்குக் கூசுகிறது.

ரெண்டு நிமிஷ ஓட்டம் வண்டிக்கு விஷம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சூடேறாத எஞ்சின் உள்ளுக்குள் வேர்க்கும், உலைமூடி வேர்ப்பது போல. நாலு மைல் ஓடிச் சுட்டால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். உடனே அணைத்தால் அப்படியே ஆயிலில் இறங்கிவிடும். வாராவாரம் சாம்பிராணி போட்டு நான் எஞ்சினுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன்.

மூக்கம்மாள் மட்டும் அமாவாசை தவறாமல் தன் வேலையைச் செய்தாள். குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பாள். முதலில் ஆயில் கறுப்பாக இருந்தது. அடுத்த வருஷம் சித்திரையில் பழுப்பானது. ஆனி பிறந்து மலைப்பக்கமிருந்து சாரல் அடிக்கத் தொடங்கியபோது, பால் ஊற்றின காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. அளவும் குறையவில்லை, கூடியிருந்தது. மாதம் நாலு கரண்டி ஊற்றினதற்கு இவ்வளவு எப்படிக் கூடும்?

செக்கடியில் வளர்ந்தவளுக்கு எண்ணெயைச் சோதிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த இரும்புக் கரண்டியில் ஒரு சொட்டு விடுவார்கள். சுத்தமான எண்ணெய் பேசாமல் புகையும். தண்ணீர் கலந்தது சடசடவென்று வெடிக்கும். மூக்கம்மாள் அடுப்பில் கரண்டியைக் காய வைத்து, குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். பொரிகடலை வறுக்கிற மாதிரி வெடித்துக் கைமேல் தெறித்ததாம்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. விட்டுவைத்தால் எஞ்சின் உள்ளே துருப்பிடித்துச் செத்துப்போகும். மாற்றலாம் என்றால், தொடாதே என்று புருஷன் சொன்ன ரெண்டையும் தொட வேண்டும். மரை போனால் புது ஆயிலும் மண்ணோடு போய்விடும். ஊரில் வேறு டின் கிடையாது. வண்டி போனால் டிரைவர் எதற்கு, டிரைவர் வீடு எதற்கு? பட்டாளத்திலிருந்து வருகிறவனுக்கு வேலையும் இல்லை, கூரையும் இல்லை என்றாகிவிடும். யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் நான். என் பவிசு அவளுக்குத் தெரியும்.

ஆடி இரண்டாம் சனிக்கிழமை வீட்டோடு எல்லோரும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். வயிற்றுவலி என்று மூக்கம்மாள் வரவில்லை. நாங்கள் தெருமுனை தாண்டியதும் அவள் ஆயில் பிடிக்க ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டாள்.

போல்ட்டை எண்ணிக்கொண்டே கழற்றினாள். பதினோரு சுற்று. முதலில் இறங்கியது தண்ணீர், அரைப்படி இருக்கும். பிறகு சேறு மாதிரி ஆயில். பொழுது சாயும்வரை கடைசிச் சொட்டும் வடியட்டும் என்று காத்திருந்தாள். போல்ட்டைத் துடைத்து, மரைக்குள் ஏறின அழுக்கை ஊசியால் கீறி எடுத்தாள். புது நூல் இழையை ஆயிலில் தோய்த்து அதன்மேல் சுற்றி, அதே பதினோரு சுற்று பூட்டினாள். பன்னிரண்டாவதற்குக் கை போனது, ஆனால் நிறுத்திக்கொண்டாள். பிறகு பரணிலிருந்து டின்னை இறக்கி, குலதெய்வத்தைக் கூப்பிட்டுச் சீலை உடைத்தாள்.

போல்ட்டுக்கு நேர்கீழே ஒரு வெள்ளைத்துணியை விரித்து வைத்தாள். மறுநாள் காலை துணியில் மூன்று பொட்டு. அதற்கடுத்த நாள் ஒன்று. அஞ்சாம் நாள் துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு வயிற்றில் சோறு இறங்கியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வழி செய்தாள். மேக்னட்டோ மூடிக்குள் நகத்தளவு ஒரு கரித்துண்டு உண்டு. அது இல்லாவிட்டால் பிளக்கில் நெருப்பு வராது என்று எப்போதோ ஒச்சாண்டி சொன்னது அவள் நினைவில் இருந்தது. அதை எடுத்து மஞ்சள்துணியில் முடிந்து சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

இதெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரியுமா? தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை நான் ஹேண்டிலைச் சுற்றினேன், வண்டி பிடிக்கவில்லை. இன்னும் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. தும்மல்கூட இல்லை. மதினி சூடத்தோடு நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போன வண்டியை வாராவாரம் நோண்டி நோண்டிக் கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. "பெட்ரோல் மட்டம், மதினி. இனிமே சூடம் மட்டும் காட்டுங்க" என்று சமாளித்தேன். அதற்கப்புறம் நான் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அண்ணனிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒச்சாண்டியிடமிருந்து கடிதம் வரும். நான்தான் மூக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டுவேன். குண்டு விழுகிற ஊரில் இருந்துகொண்டு, "வண்டி சௌக்கியமா? அடி போல்ட்டைத் தொடவில்லையே?" என்று கேட்டு எழுதியிருப்பான். "வண்டி சௌக்கியம்னு எழுதுங்கய்யா" என்பாள் அவள், தரையைப் பார்த்தபடி. பொய் என்று தெரிந்தே எழுதி, மை காயுமுன் மடித்து ஒட்டிவிடுவேன். எதிரே இருந்தவளும் போல்ட்டைத் தொட்ட பயத்தில் இருந்தாள் என்பது எனக்கு எங்கே தெரியும்.

1946 மாசியில் ஒச்சாண்டி முழுசாக வந்து சேர்ந்தான். மூக்கம்மாள் அழுது தீர்த்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் பாதிதான். அண்ணன் அவனைக் கூப்பிட்டு வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொன்னார்: "மதுரையில இருந்து பழைய இரும்பு ஏவாரி வந்து கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கு வண்டி ஓடுச்சுன்னா நீதான் டிரைவரு, அந்த வீடு ஒனக்குத்தான். ஓடலைன்னா அவனுக்குத் தள்ளிவிட்டுட்டு ஷெட்டையும் வீட்டையும் சேத்துக் கிட்டங்கி ஆக்கப்போறேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

மறுநாள் காலை அண்ணன், மதினி, நான், மூக்கம்மாள் எல்லோரும் ஷெட்டில் நின்றோம். ஒச்சாண்டி முதலில் குச்சியை உருவினான். பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தான். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது.

"இது நான் விட்டுட்டுப் போன ஆயில் இல்லையே. யாரு அடி போல்ட்டத் தொட்டது?"

மூக்கம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நான்தேன்" என்றாள். "தண்ணி எறங்கியிருந்துச்சு. கரண்டியில விட்டுப் பாத்தேன், வெடிச்சுச்சு. பரண்ல இருந்த டின்ன ஒடச்சு ஊத்திட்டேன்."

"கட்டையில நிக்கிற வண்டிக்குள்ள தண்ணி எப்படி எறங்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட நான் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பார்க்காததுதான் என்னை உலுக்கியது.

"நான்தான் ஒச்சாண்டி. வெள்ளிக்கெழமை தவறாம ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தேன். பெறகு ஒருநா பிடிக்கல. அன்னையில இருந்து செத்துத்தான் கெடக்கு" என்றேன்.

"சாகலைங்கய்யா" என்றாள் மூக்கம்மாள். சுருக்குப்பையைப் பிரித்து, மஞ்சள்துணி முடிச்சை அவிழ்த்து, கரித்துண்டைப் புருஷன் கையில் வைத்தாள். ஒச்சாண்டி அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். அதை மாட்டினான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டான், பெட்ரோல் ஊற்றினான், பிளக்கைத் துடைத்தான், ஹேண்டிலைப் பிடித்தான்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. ரெண்டாவதில் ஒரு இருமல். மூக்கம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அஞ்சாவது சுற்றில் வண்டி பிடித்துக்கொண்டது. நாலு சிலிண்டரும் ஒரே தாளத்தில் ஓடின. நீலப்புகை ஷெட்டை நிறைத்து, பிறகு தெளிந்தது. ஒச்சாண்டி உடனே அணைக்கவில்லை. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கால்மணி நேரம் ஓடவிட்டான். பிறகு குனிந்து அடி போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தான். விரல் காய்ந்திருந்தது.

"நான் இருந்திருந்தாக்கூடத் தொட்டுருக்க மாட்டேன் ஆத்தா. அந்த மரைக்குப் பயந்து அப்படியே விட்டுருப்பேன். வண்டி போயிருக்கும்" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அண்ணன் செருமிக்கொண்டு, "மதுரைக்காரனுக்கு இல்லேன்னு எழுதிப் போட்டுரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். மூக்கம்மாள் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வீடு அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

எல்லோரும் போனபிறகு நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தக் கரித்துண்ட எடுத்தத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மூக்கம்மா. வண்டியக் கொன்னுட்டோமேன்னு ரெண்டரை வருசம் செத்துச் செத்துப் பொழச்சேன்."

"தெரியும்யா. வெள்ளிக்கெழமை வந்தா ஒங்க மொகத்தப் பாக்கவே பாவமாத்தேன் இருக்கும்."

"பெறகு?"

"சொல்லியிருந்தா மறு வெள்ளியே ஹேண்டிலத் தூக்கிட்டு வந்திருப்பீக. நீங்க பயந்து கெடந்தாத்தேன் வண்டி பொழைக்கும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் மதினியிடம் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சோறு ருசித்து ரெண்டரை வருஷம் ஆகியிருந்தது.