உதட்டோரத்துக் கொப்புளம்

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

அதற்கு முந்தின ஐப்பசியில், அவருடைய அக்கா வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம் நாங்கள் தனியாக இருந்தோம். உறவு என்று சொல்கிற எல்லைக்குப் போகவில்லை. அதில் இருவருமே கவனமாக இருந்தோம். ஆனால் அவர் உதடு என் உடம்பில் எங்கெல்லாமோ பட்டது. அந்த உதட்டோரத்தில் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக இருந்தன. கேட்டதற்கு, "ஒடம்புச் சூடு" என்றார்.

சில நாள் கழித்து ஒரு வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில்களில் அப்படிக் கொத்தாகக் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் என்ற நோயைப் பற்றிப் படித்தேன். உதட்டுப் புண்ணிலிருந்து அந்தரங்க உறுப்புக்கும் தொற்றலாம் என்று போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் எய்ட்ஸ் விளம்பரம் ஏறியிருந்த காலம். எனக்கு எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிட்டது.

பக்கத்து மேஜைத் தோழியிடம் மட்டும் சொன்னேன். "ஏட்டி, அதான் ஒண்ணும் நடக்கலைங்கியே, பொறவு என்னத்துக்குப் பயப்படுத?" என்றாள். ஆனாலும் லீவு போட்டுவிட்டு என்கூட வந்தாள். ராஜபாளையத்து டாக்டர்கள் எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம்.

கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார், முகம் மாறும் என்று பயந்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "புண்ணு எங்க இருந்துச்சு? அது உன் மேல எங்க பட்டுச்சு?" தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"உறவு நடக்கலைன்னா கர்ப்பத்துக்குப் பயமில்ல. இதுக்குத் தோலோட தோல் ஒரசினாலே போதும்மா. துணி மேல பட்டதை விட்டுரு. புண்ணுள்ள வாய் பட்ட எடத்தைத்தான் யோசிக்கணும். தொத்தியிருக்கலாம், தொத்தாமலும் இருக்கலாம்."

"இது எய்ட்ஸா டாக்டர்?"

"அது வேற, இது வேற. இது உசுருக்கு ஆபத்தில்ல."

ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மறுத்தார். "இப்பப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. பின்னாடி இருக்குன்னு வந்தாலும், இப்ப வந்ததா, சின்னப் பிள்ளையில யாரோ முத்தம் குடுத்து வந்ததான்னு அந்த டெஸ்டு சொல்லாது. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும். கொப்புளமோ எரிச்சலோ வந்தா, காயறதுக்கு முன்னால ஓடி வா. அதுலருந்து நீர் எடுத்து மதுரை லேபுக்கு அனுப்பலாம்."

அதன் பிறகு குளியலறையில் கைக்கண்ணாடியும் நானுமாக நாட்கள் கழிந்தன. ஒரு வேர்க்குரு வந்தாலும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஆனால் கொப்புளம் எதுவும் வரவில்லை. வராததாலேயே தொற்றவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நிச்சயமின்மையோடு இருக்கப் பழகுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "என்னைச் சந்தேகப்படுதியா? எனக்குக் காய்ச்சல் வந்தா சின்னதுலருந்தே இது வரும்."

"சந்தேகமில்ல. அது ஒட்டும்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதான் சொல்லுதேன்."

ஒரு வாரம் போனது. பிறகு அவராகவே அந்த டாக்டரிடம் போய் வந்தார். "புண்ணு இருக்கும்போது தள்ளி இருக்கணுமாம்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்குள் கூச்சமில்லாமல் நடந்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

மூத்தவள் பிறந்த வாரம் அவருக்கு மறுபடி உதட்டில் கொப்புளம் கிளம்பியது. ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள், பிள்ளைக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்காத தகப்பனா என்று கேலி செய்தார்கள். அவர் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, முகத்தைத் தள்ளியே வைத்துக்கொண்டு, அவளுடைய பாதத்தை மட்டும் தொட்டார்.

"புண்ணு ஆறட்டும்" என்றார்.