பேரன் பாட்டில் சுட்ட மீன்

என் பேரன் தினேஷ் அத்தனையும் காதல் பாட்டாக எழுதி, தானே பாடி, ஓர் ஆல்பம் வெளியிட்டிருக்கிறான். பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அவன் மனைவி கவிதாவோடு பெம்பான் ஊரில் உள்ள மளிகைக் கடைக்குப் போனேன். அங்கேயும் அவன் குரல்தான் ஓடியது.

"எல்லாம் பொண்டாட்டிய நெனச்சிப் பாடினது லா! குடுத்து வச்சவம்மா நீ" என்று கடைக்காரம்மா கவிதாவைக் கிண்டல் செய்தார்.

கவிதா சிரித்தாள். காரில் ஏறியதும் சிரிப்பைக் காணோம்.

"பாட்டி, அந்தப் பாட்டுல ரெண்டு பேரும் உம்பாய் கடலோர மீன் கடையில ஒரே தட்டுல சுட்ட மீன் சாப்பிடறாங்க. நான் பொறந்ததுலேருந்து சைவம். உம்பாய்க்கு அவரு என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல."

"பாட்டுதானம்மா, சும்மா கற்பனையா எழுதியிருப்பான்."

"ஒவ்வொரு வரியும் என் பேரன் அனுபவிச்சு எழுதினதுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

வீடு வந்ததும் அவள் நேராகத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

இப்போது அவள் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. பேரன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

ஆல்பம் கேட்டவர்களே, பாட்டில் வருவதெல்லாம் கற்பனைதானே? ஆமாம் என்கிறவர்கள் மட்டும் கீழே எழுதுங்கள். அவன் வருவதற்குள் அவளிடம் காட்ட வேண்டும்.