அல்தாஃப் படிக்காத நாவல்

திருத்தணியில் திருப்பதி பஸ்கள் திரும்பும் வளைவில் அல்தாஃபின் டூவீலர் மெக்கானிக் கடை இருக்கிறது. வேலை நேரத்தில் ஸ்பேனர், ஓய்ந்த நேரத்தில் பேனா. இரண்டு நாவல்கள் எழுதிவிட்டார். மூன்றாவது வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியாகிறது. எந்தக் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தாலும் ஒன்றைத் தவறாமல் சொல்வார்: சக எழுத்தாளர்களை அவர் படிப்பதில்லை, படித்தால் தன் நடை கெட்டுவிடும்.

அண்டப்புளுகு. மதியம் சாப்பாடு முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிரேக் ஷூ வந்த அட்டைப்பெட்டியைத் திறப்பார். உள்ளே இருப்பதெல்லாம் அடுத்தவர் எழுதிய நாவல்கள். மோசமான நாவலாக அமைந்துவிட்டால் முகத்தில் களை கட்டும். வண்டி கொண்டுவந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். நல்ல நாவல் அகப்பட்டால்தான் வம்பு. வீட்டுக்குப் போய் சால்னாவில் உப்பில்லை என்பார். யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று மனைவி கவுசர் அதை வைத்தே தெரிந்துகொள்வாள்.

வேணுவின் நாவல் வந்தபோது ஒரு வாரம் சால்னாவில் உப்பில்லை. வேணு ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர், இருபது வருஷ சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை அல்தாஃபின் புத்தகத்தைப் பற்றிப் பேசப்போகிறவரும் அவர்தான். அது தெரிந்தும் வயிற்றெரிச்சல் தாங்காமல், பத்து பக்கத்துக்கு மேல் முடியவில்லை என்று டீக்கடையில் சொல்லித் தொலைத்தார் அல்தாஃப். சொன்ன வாய் மூடுவதற்குள் அது பேட்டைக்கு பஸ் ஏறிவிட்டது.

மறுநாள் வேணு வந்து நின்றார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

"பாய், என் புக்கைக் குடு. பத்து பக்கத்தோட நின்னுபோச்சாமே, வேற யாராச்சும் படிக்கட்டும். ஞாயித்துக்கிழமை நானும் உன்னுதுல பத்து பக்கம் படிச்சிட்டுப் பேசினா போதும் இல்ல?"

அல்தாஃப் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல். அதைப் பற்றிப் பேச வேறு ஆளில்லை. வேணுவின் புத்தகத்தை எங்கே வைத்தேனோ என்று இழுத்தார். அப்போதுதான் சாப்பாட்டுக் கேரியரோடு வந்த கவுசர், "பிரேக் ஷூ பெட்டியில இருக்குதுண்ணா," என்றாள்.

வேணு எடுத்துப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை. ஐம்பதிலும் இருந்தது, நூறிலும் இருந்தது. எருமை செத்துப்போகும் அத்தியாயத்தில் தாளே கறுத்துக் கிடந்தது. நடுவே ஒரு சொட்டு கண்ணீர் விழுந்து ஊறிய தடம்.

"அவ படிச்சிகினு இருந்தா," என்றார் அல்தாஃப்.

"என் கையில ஏதுண்ணா கிரீஸு?" என்றாள் கவுசர்.

வேணு அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய நாவலுக்கு இதுவரை எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி விமர்சனம் வந்ததில்லை. விற்காத பிரதிகள் எப்போதும் பையில் இருக்கும். ஒன்றை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தார்.

"புதுசை நீ வச்சிக்க பாய். இது என்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

அவர் போனதும் அல்தாஃபுக்கு நிம்மதியாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து ஷட்டரைப் பாதி இறக்கினார். எருமை அத்தியாயத்தை இன்னொரு முறை படிக்க மனசு அடித்துக்கொண்டது. இந்தத் தடவை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.